அரண்மனை போன பிறகு

சனிக்கிழமை மாலையானால் எங்கள் திண்டுக்கல் தெருவில் தட்டுக்கழி ஓசை கேட்கத் தொடங்கிவிடும். மலைக்கோட்டையைப் பார்த்த ஒரு மாடி அறையில் என் மகளும் பத்துப் பன்னிரண்டு சிறுமிகளும் பரதநாட்டியம் பயில்கிறார்கள். மாதச் சம்பளம் கட்டினால் யாரும் சேரலாம். இது எவ்வளவு பெரிய அதிசயம் என்பது சரித்திரத்தைப் புரட்டினால்தான் விளங்கும்.

அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் அந்த வரிசையை ஒழுங்கு செய்தவர்கள், தஞ்சைச் சரபோஜி மன்னரின் (1798–1832) ஆதரவு பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள். 1855-ல் ஆண் வாரிசின்றிச் சிவாஜி மன்னர் மறைந்தார்; ராஜ்யத்தைக் கும்பெனியார் எடுத்துக்கொண்டார்கள். சபை போயிற்று. கலையோ, ஆடிய பெண்களிடமும் நட்டுவனார் வீடுகளிலும் தங்கியது.

ஜாவாவில் நடந்தது வேறு. யோக்யகர்த்தாவில் அரண்மனை அழியவில்லை. 1918-ல் அரச குடும்பத்தாரே வெளியில் ஒரு பள்ளி தொடங்கி, அந்தப்புரத்து நடனத்தை ஊராருக்குக் கற்பித்தார்கள். வீட்டுக்கு உடையவர்களே கதவைத் திறந்தார்கள்.

நம் நாட்டில் திறந்தவர்கள் வேறு. சதிர் என்றாலே முகம் சுளித்த காலத்தில் அதற்காக வாதாடினார் வக்கீல் கிருஷ்ணய்யர். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற ருக்மிணி தேவி 1935-ல் அடையாற்றில் ஆடினார். 1936-ல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். குருவின் வீட்டுத் திண்ணையில் இருந்த வித்தை, வகுப்பும் பாடத்திட்டமும் கொண்ட கல்வியாயிற்று.

1947-ல் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதைச் சட்டம் தடுத்தது. அது வேண்டிய சட்டமே. ஆனால் பழியைச் சுமந்த குடும்பங்கள் சதங்கையையும் சேர்த்து அவிழ்த்து வைத்தன. பரம்பரையில் வந்த பாலசரஸ்வதி சங்கீத வித்வத் சபையில் கற்பித்தார், உண்மைதான். அப்படி எத்தனை பேர்?

எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி இருக்கிறார். அவருடைய தாயார் கோயிலில் ஆடியவர். தட்டுக்கழி கேட்டால் திண்ணைக்கு வந்துவிடுவார். விரல்கள் தொடையில் தாளம் போடும். ஒருநாள், "பேத்தியையும் சேர்த்துவிடலாமே, பாட்டி?" என்று கேட்டேன்.

"வேண்டாம் தம்பி. அந்தப் பேரைக் கழுவவே எங்களுக்கு மூணு தலைமுறை ஆச்சு" என்றார்.

கலை பிழைத்துவிட்டது, எனக்கு அதில் சந்தோஷந்தான். அன்று மாலை மகள் அலாரிப்பு ஆடியபோது ஓரிடத்தில் தாளம் தவறினாள். எனக்குத் தெரியவில்லை. திண்ணையில் இருந்தவரின் விரல் மட்டும் சட்டென்று நின்றது.