வாஞ்சூர் எல்லைக்கு இந்தப் பக்கம்



பட்டினச்சேரி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கடலும் வலையும் 2004 சுனாமியும்தான் நினைவுக்கு வரும். அதற்கு மேற்கே கிடப்பவை திருமலைராயன்பட்டினத்து நெல்வயல்கள். ஊரின் பழமையைக் கேட்டால், காளமேகம் சாபமிட்டு மண்மாரி பெய்த கதையைச் சொல்வார்கள். அந்த மண்ணை உழுதவர்கள் கதையில் இல்லை. கல்வெட்டில் இருக்கிறார்கள்: ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஊர்நத்தத்தைத் தனியாகவும், பறைச்சேரி, தீண்டாச்சேரி என்பவற்றைத் தனியாகவும் குறிக்கின்றன. மீனவர் ஊரும் சேரிதான், நம் தெருவும் சேரிதான். சொல் ஒன்று, அதைச் சொல்லும் தொனி ஒன்றல்ல.

1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. பண்ணை மாறவில்லை. 1848இல் பிரெஞ்சுக் குடியரசு தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்ததும், அங்கே கரும்பு வெட்ட ஆள் தேவைப்பட்டது. ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய துறைமுகங்களில் காரைக்காலும் ஒன்று. விடுதலை பெற்ற ஒருவரின் இடத்தை நிரப்பக் கப்பலேறியவர்களில் நம்மவர்களும் உண்டு. சமத்துவம் பேசிய அரசு செய்த வேலை இது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. தஞ்சை மாவட்டத்தில் பி. சீனிவாசராவ் போன்றோர் கட்டிய விவசாயிகள் சங்கம், 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தில் சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் முடிவு கேட்டது. 1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்றது அது. ஆனால் அது சென்னை மாகாணச் சட்டம். வாஞ்சூர் எல்லையைத் தாண்டி நாகூர்ப் பக்கம் நின்றால் சட்டம் உண்டு; இந்தப் பக்கம் நின்றால் இல்லை. அதே காவிரித் தண்ணீர், அதே குறுவை, அதே சாதி.

1954 நவம்பர் 1இல் மூவர்ணக் கொடி ஏறியது. அன்றும் அந்தச் சட்டம் தானாக எல்லை தாண்டி வரவில்லை. காரைக்கால் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்று தனியாக ஒன்று 1966இல்தான் வந்தது. நடுவில் பதினான்கு வருடம். பிரெஞ்சிந்திய விடுதலைப் போராட்டம் பற்றிய நூல்களில் கொடிக்கு அத்தியாயம் இருக்கிறது, இந்தப் பதினான்கு வருடத்துக்கு ஒரு பத்திகூடக் கிடைப்பது அரிது.

அந்த வருடங்களில் நாற்று நட்டவர்கள் சிலர் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள், எழுபதைத் தாண்டியவர்கள். எத்தனை மரக்கால் கூலி, யாரை எப்போது பண்ணையை விட்டு விரட்டினார்கள் என்று அவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். இந்த வருடமே தொடங்க வேண்டிய வேலை.