சுவருக்கு வெளியே சொன்ன செபம்

வடக்கன்குளம் கோவில் 1872இல் இரண்டாகப் பிரித்தே கட்டப்பட்டது. வெள்ளாளருக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம். பீடம் மட்டும் பொது. 1910இல் நடுச்சுவரை இடித்ததும் வழக்கு நீதிமன்றம் போனது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர். இவற்றையெல்லாம் நாம் எழுதியிருக்கிறோம்.

எழுதாமல் விட்டது நம் பாட்டிமாரின் செபமாலையை. கஞ்சிக்கு வழியில்லாத நாளிலும், பிணம் கொண்டுபோகப் பொதுவழி மறுக்கப்பட்ட நாளிலும், குடிசை வாசலில் ஒருத்தி நூற்றைம்பத்து மூன்று மணிச் செபத்தைத் தொடங்குவாள். தெருவே கூடிச் சொல்லும். எழுத்தறிவு வேண்டாம், சாமியார் வர வேண்டாம். மாலை இல்லாதவள் விரல்விட்டு எண்ணினாள். தவக்காலத்தில் வியாகுல மாதாவின் புலம்பல் மெல்ல நம் ஒப்பாரி ராகத்துக்கே வந்துவிடும். மகனைப் பறிகொடுத்தவள் அவர்களுக்கு அந்நியமா என்ன?

இதை வெறும் மயக்கம் என்று இளவயதில் நாமே பேசித் திரிந்தோம். (பேசி முடித்து அந்தப் பாட்டிமார் கையால்தான் சாப்பிட்டோம்.) அந்தச் செபத்தில் பணிந்துபோவதும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 1950 குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவ தலித்துகளைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கியதை எதிர்த்து நாம் தெருவுக்கு வந்தபோது, முன்வரிசையில் அவர்களே உட்கார்ந்திருந்தார்கள். போலீஸ் வேனில் ஏற்றிய பிறகும் விரல்கள் மணியை உருட்டிக்கொண்டிருந்தன.