ஒரே ஊரில் இரண்டு உடன்பாடுகள்

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் (என்யுஎஸ்) ஆறு ஆண்டு இடைவெளியில் அமெரிக்காவின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களோடு கைகோத்தது. 2005இல் டியூக்கோடு சேர்ந்து ஒரு மருத்துவக் கல்லூரி. 2011இல் யேலோடு சேர்ந்து ஒரு கலை அறிவியல் கல்லூரி. இரண்டுக்கும் அடிப்படைச் செலவு சிங்கப்பூர் அரசுடையது. டியூக்–என்யுஎஸ் இன்றும் மருத்துவர்களை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. யேல்–என்யுஎஸ் 2025இல் கடைசி அணிக்குப் பட்டம் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தியது. ஊர் ஒன்று, உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்று, அரசும் ஒன்று. அப்படியிருக்க முடிவு மட்டும் ஏன் இவ்வளவு வேறுபட்டது?

பலரும் உடனே சொல்லும் பதில் கருத்துச் சுதந்திரம். அதை ஒதுக்கிவிட முடியாது. யேல்–என்யுஎஸ் திறக்கும் முன்பே, 2012 ஏப்ரலில், யேல் கல்லூரிப் பேராசிரியர்கள் சிங்கப்பூரின் குடிமை உரிமை, அரசியல் உரிமை நிலவரம் பற்றிக் கவலை தெரிவித்து, ஆதரவு 100, எதிர்ப்பு 69 என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேற்றினார்கள். 2019இல் அந்தக் கல்லூரியில் நாடக ஆசிரியர் அல்ஃபியன் சஅத் நடத்தவிருந்த, எதிர்ப்பைப் பற்றிய ஒரு வாரப் பயிற்சி தொடங்கும் தறுவாயில் ரத்தானது. விவகாரம் நாடாளுமன்றம் வரை போனது. யேல் நடத்திய விசாரணை, கல்விச் சுதந்திரம் மீறப்படவில்லை என்றது. நம்பியவர்களும் உண்டு, நம்பாதவர்களும் உண்டு. ஆனால் இந்தச் சச்சரவு எதுவுமே நடந்திராவிட்டாலும் அந்தக் கல்லூரி நெடுங்காலம் நின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதன் பலவீனம் உடன்பாட்டிலேயே இருந்தது.

முதலில் டியூக்கைப் பார்ப்போம். 2000இல் சிங்கப்பூர் உயிரிமருத்துவத் துறையில் பெருமுதலீட்டைத் தொடங்கியது. ஆய்வுக்கூடம் கட்டலாம், மருந்து நிறுவனங்களை அழைக்கலாம். ஆய்வும் சிகிச்சையும் ஒருங்கே தெரிந்த மருத்துவர்களை எங்கே தேடுவது? ஏற்கெனவே இருந்த மருத்துவக் கல்லூரி, பள்ளிப் படிப்பு முடித்தவர்களைச் சேர்க்கும் பிரிட்டிஷ் வழிக் கல்லூரி. டியூக்கில் வேறு மரபு. ஒரு பட்டம் முடித்தவர்கள் வருவார்கள். அடிப்படை அறிவியலை ஒரே ஆண்டில் முடித்துக்கொண்டு மறு ஆண்டே மருத்துவமனை வார்டுக்குள் நுழைவார்கள். மூன்றாம் ஆண்டு ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். சிங்கப்பூர் தேடியது இந்த மூன்றாம் ஆண்டைத்தான் என்றுகூடச் சொல்லலாம்.

கல்லூரியை எங்கே வைத்தார்கள் என்பதும் முக்கியம். பல்கலைக்கழகத்தின் கென்ட் ரிட்ஜ் வளாகத்தில் அல்ல. அவுட்ரமில், சிங்கப்பூர் பொது மருத்துவமனையை ஒட்டி. நோயாளியைப் பார்க்கும் மருத்துவர்தான் அங்கே பாடமும் நடத்துகிறார். நாளைக்கே இந்தக் கல்லூரி வேண்டாம் என்று யாராவது முடிவெடுத்தால் மருத்துவமனையின் அன்றாட வேலையிலேயே கை வைக்க வேண்டியிருக்கும்.

பாடம் நடந்த விதமும் கவனிக்கத்தக்கது. டியூக்கிலிருந்து பேராசிரியர்களை வாரந்தோறும் பறக்கவிட முடியாது. அங்கே நடந்த விரிவுரைகளின் பதிவுகளை மாணவர்கள் முன்கூட்டியே பார்த்துவிட்டு வருவார்கள். வகுப்பில் குழு குழுவாக உட்கார்ந்து கேள்விகளோடு மல்லுக்கட்டுவார்கள். கொண்டுவந்த பாடத்திட்டம் இங்கே வேறு உருவம் எடுத்தது. 2008 முதல் 2015 வரை கல்லூரியின் தலைவராக இருந்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, டியூக்கில் மனநல மருத்துவத் துறைக்குத் தலைமை வகித்த ரங்கா கிருஷ்ணன். 2020இல் பெருந்தொற்று வந்தபோது, வௌவால் வைரஸ்களை ஆராய்ந்துவந்த வாங் லின்ஃபாவின் குழு இங்கிருந்துதான் நோயெதிர்ப்புத் திறனை ஒரு மணி நேரத்தில் காட்டும் சோதனையை உருவாக்கியது. அமெரிக்க அரசு அவசரப் பயன்பாட்டுக்கு அதை அனுமதித்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டத்தை டியூக்கும் என்யுஎஸ்ஸும் சேர்ந்து கொடுக்கின்றன. இங்கே தரம் குறைந்தால் அங்கே பெயர் கெடும்.

யேல் இந்த இடத்தில்தான் பின்வாங்கியது. பெயரைக் கொடுத்தது, பாடத்திட்டம் வகுக்க உதவியது, ஆட்சிக்குழுவிலும் இடம் பெற்றது. பட்டத்தை மட்டும் என்யுஎஸ் தரட்டும் என்றது. கல்லூரி மட்டமானது என்று இதற்குப் பொருளில்லை. வால்மீகி ராமாயணத்தையும் ஒடிசியையும் ஒரே பாடத்தில் எல்லா மாணவரும் படிக்க வேண்டும் என்று வைத்த கல்லூரிகள் ஆசியாவில் அபூர்வம். 2013இல் 157 பேரோடு தொடங்கியது. நல்ல மாணவர்கள், சிறிய வகுப்புகள், விடுதியோடு சேர்ந்த வாழ்க்கை. ஆனால் சிறிய வகுப்பு என்றால் பெரிய செலவு. என்யுஎஸ்ஸில் கலைப்பாடம் படிப்பவரோடு ஒப்பிட்டால் ஒரு மாணவருக்கான செலவு இரண்டு மடங்குக்கும் மேல் என்று அப்போதைய கல்வி அமைச்சர் சான் சுன் சிங் நாடாளுமன்றத்தில் சொன்னார். அந்தச் செலவுக்கு ஈடாக நாட்டுக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்விக்கு டியூக்கிடம் மருத்துவமனை இருந்தது. யேலிடம் இருந்த பதில் நல்ல பதில்தான், ஆனால் வரவு செலவுக் கணக்கில் எழுத முடியாத பதில்.

உடன்பாட்டிலேயே 2025இல் விலகிக்கொள்ளும் வாய்ப்பு இருந்தது. 2021 ஆகஸ்ட் 27 அன்று என்யுஎஸ் அதைப் பயன்படுத்தப்போவதாக அறிவித்தது. தொடர்ந்திருக்கவே விரும்பியிருப்போம் என்றது யேல். அதற்குமேல் அதனால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. மேலிருந்து திணிக்கப்பட்ட முடிவு என்று எதிர்த்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். முடிவு மாறவில்லை. ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தார்கள்: ஏற்கெனவே சேர்ந்த மாணவர்கள் அனைவரும் அதே பெயரில் படித்து முடிக்க நான்காண்டு அவகாசம் கொடுத்தார்கள். இதே சிங்கப்பூரில் 2007இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் கிளை திறந்த சில மாதங்களிலேயே, சேர்க்கை போதவில்லை என்று மூட்டை கட்டியதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ கண்ணியம்.

இது நமக்கும் பாடம். இந்தியப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து கூட்டுப் பட்டம், இரட்டைப் பட்டம் வழங்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் விதிகளை வகுத்துவிட்டது. புரிந்துணர்வு ஒப்பந்தக் கோப்புகளோடு துணைவேந்தர்கள் சிரிக்கும் படங்கள் இனி அடிக்கடி வரும். பிள்ளையை அப்படி ஒரு படிப்பில் சேர்க்கப் போகிறவர்கள், வளாகத்தைச் சுற்றிப் பார்க்கும் முன் இரண்டு கேள்விகளை எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்: பட்டத்தில் கையெழுத்துப் போடுவது யார்? ஒருவர் விலகினால் நடுவில் நிற்கும் மாணவரைப் படித்து முடிக்க வைப்பது யார் பொறுப்பு?