மேசையில் யாருக்கு இடம்?

அணுபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே செல்வோர், கடப்பாக்கத்தருகே ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகளைக் காணலாம். 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த அக்கோட்டையை 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றித் தகர்த்தனர். பீரங்கிகள் விட்டுச்சென்றது அவ்வளவே. அதே சாலையில் மேலும் சென்று புதுச்சேரியை அடைந்தால், பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற வேறொன்று இன்றும் உயிரோடிருக்கக் காண்கிறோம். அது உணவு மேசை. கால்வாய்க்குக் கிழக்கேயுள்ள தெருக்களில் பிரெஞ்சுப் பெயர் தாங்கிய உணவகங்கள் பல உள்ளன. முன்பின் அறியாதவர் அருகருகே அமர்ந்து உண்ணும் இவ்வழக்கத்தின் வரலாற்றைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

'ரெஸ்டாரன்ட்' என்னும் சொல் தொடக்கத்தில் ஓர் இடத்தைக் குறிக்கவில்லை. நலிந்த உடலைத் தேற்றும் இறைச்சிச் சாற்றையே குறித்தது. 1760களில் பாரிசில் அச்சாற்றை விற்ற கடைகளுக்குப் பின்னர் அதுவே பெயராயிற்று. சுமை சுமந்து சோர்ந்தோரை ஆண்டவர் தம்மிடம் அழைத்த மத்தேயு நற்செய்திப் பகுதியை வேடிக்கையாக மாற்றி, வயிறு நொந்தோரை அழைக்கும் இலத்தீன் வாசகமொன்றை ஒரு கடைக்காரர் தம் வாயிலில் எழுதிவைத்தார் என்று ஒரு கதை உண்டு. வரலாற்றாசிரியர் அதனை ஐயுறுகின்றனர். கதை எவ்வாறாயினும், நிகழ்ந்த மாற்றம் உண்மை. அதற்குமுன் விடுதிக்காரர் குறித்த வேளையில், அவர் சமைத்ததையே, பொதுமேசையில் அமர்ந்து உண்ணவேண்டியிருந்தது. புதிய உணவகத்திலோ தனி மேசை, விலை குறித்த பட்டியல், விரும்பிய வேளை. 1789ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின் இத்தகைய உணவகங்கள் பெருகின. பிரபுக்களின் அடுக்களையில் பணியாற்றியோர் சிலரும் பொதுமக்களுக்குச் சமைக்க வந்தனர்.

'பிராஸெரி' என்பது இதன் எளிய உடன்பிறப்பு. பீர் வடிக்கும் இடம் என்பதே அச்சொல்லின் பொருள். 1870-71 போரில் பிரான்சு அல்சாசுப் பகுதியை ஜெர்மனியிடம் இழந்தது. அந்நிய ஆட்சியில் வாழ மனமில்லாத பலர் பிறந்த மண்ணைத் துறந்து வெளியேறினர். பாரிசுக்கு வந்தவருள் சிலர், தம் ஊர்ப் பீரையும், புளிக்கவைத்த முட்டைக்கோசோடு பன்றியிறைச்சி சேர்ந்த 'ஷூக்ரூத்' உணவையும் விற்றுப் பிழைத்தனர். அல்சாசியரான லெயோனார் லிப் 1880இல் தொடங்கிய பிராஸெரி இன்றும் அந்நகரில் நடைபெறுகிறது. இவ்வாறு ஏதிலிகளின் உணவு தலைநகரின் உணவாயிற்று. வந்தேறியின் கைச்சோற்றை உண்ட நகரம் அவனையும் தன்னுள் ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டிலோ, யார் சமைத்தது, யார் அருகில் அமர்ந்து உண்பது என்பவையே பெருஞ்சுவர்களாக நின்றன. சுவைக்குச் சுவரில்லை என்பது உண்மைதான். நம் அடுக்களை வடகம் புதுச்சேரி வழியே கடல்கடந்து, 'வடுவான்' என்னும் பெயரில் பிரெஞ்சுச் சமையலில் இடம்பெற்றது. ஆனால் மனிதருக்குச் சுவர் இருந்தது. அதே புதுச்சேரியில், கோயிலுக்குள்ளேயே தலித் கிறிஸ்தவரைப் பிரித்து நிறுத்திய சுவர் 1745இல் இடிக்கப்பட்டதையும், அதனால் எழுந்த பூசலையும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பால் அறிகிறோம். கல்லாலான சுவர் வீழ்ந்த பின்னும், பிரிவினை பல பங்குகளில் நெடுங்காலம் நீடித்தது.

உணவகங்களின் நிலையும் அதுவே. இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கெனத் தனியிடம் இருந்தது. பெரியாரும் அவர் இயக்கத்தாரும் எழுப்பிய எதிர்ப்பின் பயனாக 1941இல் அது அகன்றது. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு, 15ஆம் பிரிவில், கடைகளிலும் பொது உணவகங்களிலும் நுழைவதற்குச் சாதியோ சமயமோ தடையாகலாகாது என விதித்தது. நாட்டின் தலையாய சட்டம் உணவகத்தைப் பெயர்சொல்லிக் குறிப்பிட்டது ஏன் என்பதை நாம் எண்ணவேண்டும். சிற்றூர்த் தேநீர்க்கடைகளில் இரட்டைக் குவளை கண்டவர்க்கு விடை எளிதில் விளங்கும்.

சாதியைக் கேளாத மேசையும் பணத்தைக் கேட்கிறது என்பது மெய்யே. விலைப்பட்டியலைக் கண்டு வாசலோடு திரும்புவோர் உளர். எனினும் விலை கொடுப்பவர் எவராயினும் அமரலாம் என்பதை எய்தவே இத்தனை காலமும் இத்தனை போராட்டமும் தேவைப்பட்டன. அதனைச் சிறிதென்று தள்ளிவிட இயலாது.

ஆனால் சட்டத்திற்கும் ஓர் எல்லை உண்டு. அது உணவகத்தின் கதவைத் திறக்கும். வீட்டின் கதவைத் திறக்காது. கொரிந்து நகரச் சபையார் ஆண்டவரின் விருந்துக்கெனக் கூடியும், செல்வர் முந்தி உண்ண, வறியவர் பசித்திருந்தனர். அதனைத் தூய பவுலடியார் கடிந்துகொண்டார். நகரத்து உணவகத்தில் அடுத்த மேசைக்காரர் எக்குலத்தார் என்று நாம் கேட்பதில்லை. பங்குத் திருவிழாவில் சமபந்தியும் வைக்கிறோம். ஆயினும் நம் இல்லத் திருமண விருந்தில் யாருக்கு முதற்பந்தி, யாருக்குக் கடைசிப்பந்தி, யாருக்கு அழைப்பே இல்லை? காசுக்காக உணவகத்தார் செய்வதை அன்புக்காக நாம் செய்யாதிருப்பது முறையாகுமா?