ஜெர்மன் வேற்றுமைகளின் பூர்வ சரித்திரம்

ஜெர்மன் பாஷையைக் கற்கப் புகும் மாணாக்கர், பெயருக்கு முன் நின்று டேர், டெஸ், டேம், டேன் என வேற்றுமைதோறும் உருமாறும் சிறுசொற்களைக் கண்டு அஞ்சுவது இயல்பே; எனினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அப்பாஷையின் பெயர்கள் தம் ஈற்றிலேயே தாங்கியிருந்த உருபுச் செல்வத்தை நோக்கினால், இன்று எஞ்சியிருப்பது சொற்பமே என்பது விளங்கும்.

8-ஆம் நூற்றாண்டு முதல் ஸாங்க்ட் காலன், ஃபுல்டா முதலிய மடாலயங்களில் துறவிகள் எழுதிவந்த பழைய ஜெர்மனில், நாளைக் குறிக்கும் ‘டாக்’ என்னும் சொல் கருவிப் பொருளில் ‘டாகு’ என்றும், பன்மையில் எழுவாயாக ‘டாகா’ என்றும், ஆறாம் வேற்றுமையில் ‘டாகோ’ என்றும், நான்காம் வேற்றுமையில் ‘டாகும்’ என்றும் வேறுபட்டு நின்றது. ஆனால் ஜெர்மானிய பாஷைகளில் உச்சரிப்பின் அழுத்தம் முதலசையிலேயே நிலைபெற்றுவிட்டபடியால், அழுத்தம் பெறாத ஈற்றசைகள் தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்து, ஆகாரம், ஓகாரம், உகரம் என்ற பேதமெல்லாம் மங்கலான ஓர் எகரத்தில் ஒடுங்கின. கருவி வேற்றுமை அடியோடு மறைந்து, நான்கு வேற்றுமைகளே நிலைத்தன. ஈறு சுமந்த பாரத்தை, முன்பு சுட்டுச்சொல்லாயிருந்த ‘டேர்’ ஏற்றுக்கொண்டது. இதனைப் பாஷையின் க்ஷீணம் என்று கூற நான் உடன்படேன். ஈறு செய்த பணியை அச்சிறுசொல் இன்றும் பெரும்பாலும் குறைவறச் செய்துவருகிறது.

செயப்பாட்டு வினையின் வரலாறும் இத்தகையதே. சகோதர பாஷையாகிய காதிக்கில், 4-ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்னும் பேராயர் மொழிபெயர்த்த விவிலியத்தில், நிகழ்கால வினை தன் விகுதியாலேயே செயப்பாட்டுப் பொருளை உணர்த்திற்று. பழைய ஜெர்மனிலோ அவ்விகுதி வழக்கொழிந்திருந்தமையால், தமிழில் ‘படு’ துணைநிற்பது போல, ‘ஆதல்’ எனப் பொருள்படும் ‘வேர்டன்’ அங்கே துணைவினையாயிற்று. கதவு சாத்தப்படுகிறது என்னும் நிகழ்ச்சியை வேர்டனாலும், அது சாத்தப்பட்டிருக்கிறது என்னும் நிலையை இருத்தலைக் குறிக்கும் ‘ஸைன்’ என்ற வினையாலும் பிரித்துக் காட்டும் நுட்பம் அப்பாஷைக்கு இதனால் வாய்த்தது.

லூதரின் நூல்களை ஆதாரமாகக் கொண்டு யோஹானஸ் க்ளாயுஸ் 1578-இல் வெளியிட்ட ஜெர்மன் இலக்கணம் லத்தீனிலேயே எழுதப்பட்டது. இவ்வுருபுகளின் பூர்வோத்தரத்தைச் சகோதர பாஷைகளோடு ஒப்பிட்டு விளக்கும் பெருங்காரியம், 1819-இல் யாக்கோப் கிரிம் தம் ஜெர்மன் இலக்கணத்தின் முதற்பாகத்தை வெளியிட்டபோதுதான் தொடங்கிற்று.

செயப்பாட்டு வாக்கியத்தில் இரண்டாம் வேற்றுமைச் செயப்படுபொருள் எழுவாயாக மாறும். ஆனால் உதவுதல் போன்ற வினைகள் கொள்ளும் நான்காம் வேற்றுமையோ சிறிதும் அசையாது. அம்மனிதனுக்கு உதவி செய்யப்படுகிறது என்பதை ஜெர்மானியர் ‘டேம் மன் விர்ட் கெஹோல்ஃபன்’ என எழுவாயே இன்றிக் கூறுவர். ஆகவே மாணாக்கர் வேற்றுமையையும் செயப்பாட்டு வினையையும் வெவ்வேறு பாடங்களாகக் கருதாது, ஒவ்வொரு வினையையும் அது கொள்ளும் வேற்றுமையோடு சேர்த்தே மனனம் செய்வாராக.