ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால்

லைபீரியா எங்கே இருக்கிறது என்று கேட்டால், போன வருடம் வரை எனக்கு மேப்பில் காட்டத் தெரியாது. மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் ஒரு சின்ன நாடு. 1989-க்கும் 2003-க்கும் நடுவே இரண்டு உள்நாட்டுப் போர்கள். சண்டை ஓய்ந்தபோது, 30 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்களுக்கு மிச்சமிருந்த டாக்டர்கள் 51 பேர் என்று சொல்வார்கள். எங்கள் ஆபீஸில் ஒரு மாடியிலேயே அதைவிட அதிகம் பேர் உட்கார்ந்திருக்கிறோம்.

அந்தப் போரில் ஒன்பது வயதில் தப்பி அமெரிக்கா போனவர் ராஜ் பஞ்சாபி. இந்திய வம்சாவளி. மருத்துவ மாணவராக 2005-ல் திரும்பி வந்தார். 2007-ல் நண்பர்களோடு அவர் தொடங்கிய அமைப்புதான் இன்றைய லாஸ்ட் மைல் ஹெல்த். காட்டுக்குள் இருக்கும் கிராமங்களுக்கு டாக்டரை அனுப்ப வழியில்லை. அந்தந்த ஊர்க்காரரையே பயிற்சி கொடுத்துத் தயார் செய்வோம் என்று இறங்கினார்கள்.

இதில் புதுசு என்ன? கிராமத்துக்கு ஒரு தொண்டர் என்பது பழைய யோசனைதானே. லைபீரியாவிலும் அப்படிப்பட்டவர்கள் முன்பே இருந்தார்கள், சம்பளம் இல்லாமல். காட்டைத் திருத்தி நெல் விளைவிப்பவர், வயிற்றைப் பார்ப்பாரா, அடுத்த வீட்டுக் குழந்தையின் காய்ச்சலைப் பார்ப்பாரா?

2014-ல் எபோலா வந்தது. லைபீரியாவில் மட்டும் 4,800-க்கு மேல் சாவு. அதற்குப் பிறகுதான், 2016-ல், அரசே ஒரு தேசியத் திட்டத்தை அறிவித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து 5 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஊர்கள் எல்லாம் இதில் வரும். மாதம் 70 டாலர் சம்பளம். மருந்து கையில் இருக்கும். மேற்பார்வைக்கு நர்ஸ் போன்ற ஒருவர் ஊருக்கே வந்து பார்ப்பார்.

வேலை எளிமையானது மாதிரி தெரியும். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மலேரியா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைப் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும். இருமும் குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் எண்ண வேண்டும்: ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு 40-க்கு மேல் போனால் நிமோனியா என்று வைத்து மருந்து கொடுக்கலாம். ஐந்து வயதுக்குள் குழந்தைகளைக் கொல்பவற்றில் முக்கியமானவை இந்த மூன்றும்தான்.

எனக்கு உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. இந்த ஊழியர்களில் பெரும்பாலோர் ஆண்கள். காரணம், எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதி. கிராமத்துப் பெண்களுக்கு முன்பே எட்டாத பள்ளிக்கூடத்தைப் போர் இன்னும் தூரமாக்கிவிட்டது. கர்ப்பிணியைப் பார்க்க ஒரு பெண் வந்தால் நன்றாக இருக்கும். அந்தப் பெண்ணை உருவாக்கியிருக்க வேண்டிய வகுப்பறை நடக்கவே இல்லை.

நம் நாட்டில் 2005-ல் வந்த ஆஷா திட்டத்தில் எல்லோரும் பெண்கள். ஆனால் அவர்களை இன்றும் தன்னார்வலர் என்றுதான் அழைக்கிறோம். கொடுப்பது சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. போரில் நொடிந்த ஒரு ஏழை நாடு இதை வேலை என்று ஒப்புக்கொண்டு சம்பளம் போட்டது. நமக்கு ஏன் இன்னும் மனசு வரவில்லை?