ஒண்டாச்சி: கடல் கடந்த ஒரு குடிப்பெயரின் வரலாறு

தோற்றுவாய்

நம் வட்டத்தின் மாதக் கூட்டம் ஒன்றில் ஆங்கிலக் கவிதையொன்றின் தமிழாக்கம் படிக்கப்பெற்றது. கவிதையைப் படித்த நண்பர் கவிஞரின் பெயரை ‘ஒண்டாட்ஜே’ என்றார். அவையிலிருந்த மற்றொருவர் ‘ஒண்டாட்ஜி’ என்று திருத்தினார். முதியவர் ஒருவர், “அது நம்மூர்ப் பெயர் போல அல்லவா ஒலிக்கிறது!” என்றார். அவையோர் சிரித்தனர். தமிழாசிரியை என்ற முறையில் என்னைத் தீர்ப்புக் கேட்டபோது என்னிடம் விடையில்லை. அன்று எழுந்த வினாவுக்குப் பிந்திக் கிடைத்த விடையே இக்கட்டுரை. முதியவர் கூற்று நகைப்புக்குரியதன்று என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

பெயரும் தமிழ் மரபும்

தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் என்னும் வழக்கம் தமிழரிடையே பெரிதும் வேரூன்றவில்லை. தந்தையின் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கி மகனோடும் மகளோடும் நிற்கும். பேரனிடம் அதுவும் மறையும். சங்கப் புலவர் பெயர்களை நோக்கினால் ஊரும் தொழிலும் இயற்பெயருக்கு முன்னே அடையாக வரக் காண்கிறோம். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்னும் ஒரு பெயருக்குள் நகரும் வாணிகமும் அடங்கியுள்ளன. மருத்துவன் தாமோதரனார் என்ற பெயரில் அவர் செய்த தொழில் நிற்கிறது. ஆயினும் இவ்வடைகள் அவ்வவரோடு முடிந்தனவேயன்றி அவர்தம் மக்களைத் தொடர்ந்ததாகச் சான்றில்லை.

இம்மரபில் வந்த ஒரு தமிழ் மருத்துவரின் பெயர், தமிழ்நிலத்தை விட்டு நீங்கியதனாலேயே நிலைத்த குடிப்பெயராகி, முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவருகிறது. உரோமன் எழுத்தில் இன்று எழுதப்படும் முறையால் ஐரோப்பியப் பெயர் போலத் தோன்றும் ‘ஒண்டாச்சி’ என்பதே அப்பெயர்.

முதல்வர் யார்?

இக்குடும்பத்தைப் பற்றி இருவகைச் செய்திகள் வழங்குகின்றன. மைக்கேல் ஒண்டாச்சி 1982இல் வெளியிட்ட ‘ரன்னிங் இன் தி ஃபேமிலி’ என்னும் நினைவுநூல் கூறுவது ஒன்று. 1600இல் வந்த மருத்துவர் ஒருவர் ஆளுநரின் மகளை மூலிகையால் குணப்படுத்தினார். அதற்குப் பரிசாக நிலமும் அயல்நாட்டு மனைவியும், தம் பெயரின் டச்சு வடிவமாகிய புதுப்பெயரும் பெற்றார் என்பது அந்நூல் தரும் செய்தி. குடும்ப மரபுவரலாறு கூறுவது மற்றொன்று. தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த தமிழ் மருத்துவர் ஒருவர் 1659இல் கொழும்புக்கு அழைக்கப்பெற்று, டச்சு ஆளுநர் ஆதிரியான் வான் டெர் மெய்டனின் மனைவிக்கு மருத்துவம் செய்தார். பின்னர்க் கிறித்தவராகி மைக்கேல் யூர்கன் என்னும் பெயர் பூண்டார் என்பது அது.

இவற்றுள் எது பொருந்தும்? காலக்கணக்கே நடுவராக அமைகிறது. 1600இல் கொழும்பு போர்த்துகீசியர் கையில் இருந்தது. டச்சுக்காரர் இலங்கைக் கரையை முதன்முதல் அடைந்ததே 1602இல்தான். நெடிய முற்றுகைக்குப் பின் 1656 மே மாதத்தில் அவர்கள் கொழும்பைக் கைப்பற்றினர். எனவே 1600இல் கொழும்பில் டச்சு ஆளுநர் இருந்திருக்க இயலாது. வான் டெர் மெய்டனோ 1653 முதல் 1663 வரை, இடையில் சிறிது காலம் நீங்கலாக, ஆளுநராய் இருந்தவர். 1658இல் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் ஒருங்கே டச்சுக்காரர் வசமாயின. தஞ்சையில் அப்போது விசயராகவ நாயக்கர் ஆட்சி நடந்தது. நாகையிலிருந்து கொழும்புக்கு ஒரே கம்பெனியின் கப்பல்கள் ஓடத் தொடங்கிய மறு ஆண்டிலேயே தஞ்சை மருத்துவர் ஒருவர் கொழும்பு செல்வது வரலாற்றோடு இயைகிறது. ஆதலின் 1659 என்பதையே கொள்ளுதல் தகும்.

நினைவுநூலைக் குறைகூறுவதற்காக இதை எழுதவில்லை. குடும்பக் கதைகளில் ஆண்டு முன்னோக்கி ஓடுவதும் மனைவி மகளாவதும் இயல்பே. நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லும் கதைகளும் இத்தகையனவே. கவிஞன் கதையைக் காக்கிறான். வரலாற்று மாணவன் ஆண்டைக் காக்கிறான். இருவரும் வேண்டற்பாலர்.

எழுத்து மாறியும் ஒலி மாறாமை

டச்சு மொழியில் ‘டி, ஜே, இ’ என்னும் மூன்றெழுத்தும் சேர்ந்த ஈறு சிறுமைப்பொருள் உணர்த்தும் விகுதியாகும். நாம் அன்பினால் ‘குட்டி’ என்று சேர்த்துச் சொல்வதைப் போல்வது. டச்சு எழுத்தர் தமிழ்ப் பெயரின் ஈற்றொலியைக் கேட்டு, தம் மொழிக்கு இசைந்த அவ்விகுதியின் எழுத்துகளால் அதனை எழுதினர். கண்ணால் காண்போர்க்கு அப்பெயர் டச்சுப் பெயராயிற்று. ஆங்கிலேயர் ஆட்சியில் ஆவணங்கள் சிலவற்றில் ஈற்றெழுத்துகள் மீண்டும் சிறிது மாறின. ஆயினும் வாயால் சொல்லும்போது ‘-ச்சி’ என்னும் ஈறே இன்றும் ஒலிக்கிறது.

இதனை நம்மவர் கருதவேண்டும். தமிழிதழ்கள் உரோமன் எழுத்தைப் பார்த்து ‘ஒண்டாட்ஜே’ என எழுதுகின்றன. டச்சு எழுத்தர் ஒருவர் காதால் கேட்டு எழுதியதை நாம் கண்ணால் பார்த்து மீட்டெழுதுவதால் வரும் பிழை இது. உச்சரிப்பைப் பின்பற்றின் ‘ஒண்டாச்சி’ என்பதே நேரிது. தமிழிலிருந்து சென்ற பெயர் தமிழுக்குத் திரும்பும்போது அயலெழுத்தின் உடையோடு வரவேண்டியதில்லை. மாதக் கூட்டத்து முதியவரின் செவி எங்கள் அனைவர் கண்ணினும் கூரியதாய் இருந்தது.

உத்ரெக்ட் நகரத் தலைவர்

இப்பெயரைத் தாங்கியவருள் வரலாற்றில் முதலில் பெரும்புகழ் பெற்றவர் 1758இல் கொழும்பில் பிறந்த பீட்டர் பிலிப் யூரியான் குவின்ட் ஒண்டாச்சி. தந்தையார் சீர்திருத்தத் திருச்சபையின் போதகர். தாயார் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த குவின்ட் குடும்பத்தவர். தாயின் குடிப்பெயரும் மகன் பெயரில் இடம்பெற்றது.

இளமையிலேயே நெதர்லாந்துக்கு அனுப்பப்பெற்ற அவர் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பயின்றார். அக்காலத்தே ஆரஞ்சு மரபின் ஆட்சித்தலைவர்க்கு எதிராக ‘நாட்டுப்பற்றாளர்’ இயக்கம் கிளர்ந்தது. நகரமன்ற உறுப்பினரை மேலிருப்போர் நியமிக்கலாகாது, குடிமக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவ்வியக்கத்தார் கோரிக்கை. உத்ரெக்ட் நகரத் தொண்டர்படையின் முன்னணித் தலைவருள் ஒருவராக விளங்கினார் ஒண்டாச்சி. 1786இல் அந்நகரில் குடிமக்கள் தேர்ந்த மன்றம் அமைந்தது. பிரெஞ்சுப் புரட்சி 1789இல் வெடித்தது என்பதை எண்ணினால் இதன் அருமை புலனாகும். ஆனால் 1787இல் பிரஷ்யப் படை புகுந்து இயக்கத்தை ஒடுக்கியது. அவர் நாடுகடந்து வாழ்ந்தார். 1795இல் பத்தாவியக் குடியரசு தோன்றியபின் திரும்பினார். இறுதியில் சாவகத்தீவின் பத்தாவியா நகரில், இன்றைய ஜகார்த்தாவில், 1818இல் மறைந்தார்.

கொழும்பில் பிறந்து, உத்ரெக்ட்டில் போராடி, சாவகத்தில் அடங்கிய இவரைத் தமிழர் வரலாற்றில் எங்கே வைப்பது? அவர் தம்மை டச்சுக் குடிமகனாகவே கருதி அந்நகரின் உரிமைக்காக நின்றார். அதனை மதிப்பதே முறை.

குடிக்கணக்கு

குடிப்பெயர் தந்தைவழியே மட்டும் செல்வது. மகளிர் வழிவந்தோர் வேறு பெயர்களுள் கரைந்துவிடுவர். எனவே ஒண்டாச்சி என்னும் பெயருடையோர் தொகை எப்போதும் சிறிது. அம்மருத்துவரின் வழித்தோன்றல்கள் தொகையோ அதனினும் பன்மடங்கு பெரிதாகும்.

மற்றொரு கணக்கையும் காணலாம். 1659இலிருந்து மைக்கேல் ஒண்டாச்சி பிறந்த 1943 வரை 284 ஆண்டுகள். தலைமுறைக்கு முப்பதாண்டு எனக் கொண்டால் ஏறத்தாழ ஒன்பது தலைமுறை. ஒன்பது தலைமுறைக்கு முன் ஒருவர்க்கு 512 முன்னோர் இடங்கள் உள்ளன. அவற்றுள் குடிப்பெயர் காட்டுவது ஒன்றே ஒன்றைத்தான். எஞ்சிய 511 இடங்களைப் பற்றிப் பெயர் வாய்திறப்பதில்லை. டச்சு, சிங்களம், தமிழ் எனப் பல குருதிகள் கலந்த குடும்பத்தை ஒரு பெயர்கொண்டு ‘எம்மவர்’ என உரிமை கொண்டாடுவோர் இக்கணக்கை நினைவிற்கொள்க.

இலங்கையில் இப்பெயர் கொழும்புச் செட்டிகள் எனப்படும் சிறு சமூகத்தின் குடிப்பெயர்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் புலவர் வரலாற்றை 1859இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி (1807–1860) அச்சமூகத்தவர். தமிழ்ப் புலவர் ஏறத்தாழ இருநூற்றுவரின் பெயர்களைத் தொகுத்துக் காத்தவர் அவர். 2012ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இலங்கைச் செட்டி எனத் தனியே பதிவானோர் ஆறாயிரத்துக்கும் குறைவு.

மறுபுறம், மண உறவாலும் மொழியாலும் வாழ்க்கை முறையாலும் ஒண்டாச்சியருட் பலர் பறங்கியர் சமூகத்தோடு கலந்தனர். 1908இல் தோன்றிய டச்சுப் பறங்கியர் சங்கம், கம்பெனிக் காலத்து ஐரோப்பியரின் ஆண்வழியில் வந்தோரையே உறுப்பினராய் ஏற்கும் விதியுடையது. ஆண்வழியால் அளந்தால் ஒண்டாச்சி தமிழர். வாழ்வால் அளந்தால் பறங்கியர். விதிகள் மனிதரை அளக்கும்போது நேரும் இடர் இது. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பின் பறங்கியர் பலர் ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். 1981இல் ஏறத்தாழ 39,000ஆக இருந்த அவர்தம் தொகை 2012இல் ஏறத்தாழ 38,000. அதே காலத்தில் நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ ஒன்றரைக் கோடியிலிருந்து இரண்டு கோடிக்கு மேல் உயர்ந்தது. ஒண்டாச்சிப் பெயரும் இந்தக் குடிபெயர்வோடு இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் சென்றது.

பெயர் கொடையான கதை

மைக்கேல் ஒண்டாச்சி 1954இல் இங்கிலாந்துக்கும் 1962இல் கனடாவுக்கும் சென்றார். ‘தி இங்கிலிஷ் பேஷண்ட்’ புதினத்துக்காக 1992இல் புக்கர் பரிசைப் பகிர்ந்து பெற்றார். அப்பரிசுப் பணத்தைக்கொண்டு இலங்கையர் ஆங்கிலப் படைப்புகளுக்கென ஒரு விருதை நிறுவியபோது அதற்குத் தம் பெயரை இடவில்லை. தாயின் குடிப்பெயராகிய ‘கிரேஷன்’ என்பதை இட்டார். திருமணத்தால் பெண் இழக்கும் பெயரை ஒரு மகன் மீட்டுத் தந்தான் என்பதால் இச்செயல் என் நெஞ்சில் தனியிடம் பெற்றது. 511 இடங்களுள் ஒன்றாவது வாய்திறந்தது.

அவர்தம் தமையனார் கிறிஸ்டோபர் ஒண்டாச்சி, 1933இல் கண்டியில் பிறந்தவர். அவர் கொடையால் 2004இல் இலண்டன் அரச இலக்கியக் கழகத்தின் ஒண்டாச்சிப் பரிசு தோன்றியது. ஓர் இடத்தின் உயிர்ப்பை எழுத்தில் எழுப்பும் நூலுக்கு அது வழங்கப்படுகிறது. தஞ்சையை விட்டுப் புறப்பட்டு, எந்நிலத்தும் முற்ற வேர்விடாத ஒரு பெயர், இடத்தைப் பாடும் நூலுக்குரிய பரிசின் பெயராக அமைந்ததை எண்ணி வியந்தேன்.

நிறைவுரை

அவை கேட்ட வினாவுக்கு இப்போது விடை கூறலாம். அப்பெயரைத் தமிழில் ‘ஒண்டாச்சி’ என எழுதுவோம். ஆனால் அவரைத் தமிழ்க் கவிஞர் என அழைத்துக் கொண்டாட வேண்டா. 1998இல் வந்த ‘ஹேண்ட்ரைட்டிங்’ தொகுப்பில் தாம் இழந்த குழந்தைமொழி என அவர் நினைந்து வருந்துவது சிங்களத்தையே, தமிழையன்று. உண்மையை உண்மையாக ஏற்பதில் நமக்கு இழிவில்லை.

சங்க இலக்கியத்தில் இயற்பெயர் தெரியாத புலவர் பலர், தம் பாடலில் வந்த அருந்தொடராலேயே பெயர் பெற்றனர். செம்புலப்பெயல்நீரார் அவருள் ஒருவர். அவரிடம் பெயர் போயிற்று, மொழி நின்றது. ஒண்டாச்சிக் குடும்பத்திலோ மொழி போயிற்று, பெயர் நின்றது. இரண்டனுள் எது பேறு என்று என்னைக் கேட்டால், முன்னதே என்பேன். கவிதை எழுதும் நம் வட்டத்து அன்பர்களும் பத்தாண்டு நிறைவில் தத்தம் பெயரை இம்மலரில் காணும்போது இதனை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.